எண்பதுக்குப் பத்து

ரயில் நிலையங்களில் முன்பெல்லாம் ஓர் எடை இயந்திரம் நிற்கும். ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். முகப்புக் கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் மினுக்கும், வட்டத் தகடு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். மேடையில் ஏறி, சுழற்சி நிற்கும் வரை பொறுத்துக் காசைப் போட்டால், உள்ளே எதுவோ புரளும் சத்தம் கேட்டு, கெட்டி அட்டை ஒன்று கீழே வந்து விழும். பழைய ரயில் டிக்கெட்டின் அளவு. ஒரு பக்கத்தில் எடை, மறுபக்கத்தில் ஒரு வரி நல்வாக்கு. உழைப்பாளி, நம்பிக்கைக்கு உரியவர், சீக்கிரம் உயர்வு உண்டு என்கிற மாதிரி. திருவனந்தபுரத்தின் தம்பானூரில் நாகர்கோவில் வண்டிக்கும் மதுரை வண்டிக்கும் காத்து நின்ற ஒரு தலைமுறைக்கு அந்த அட்டை நினைவில் இருக்கும். நல்வாக்கு எல்லாருக்கும் இனிப்பாகவே வரும். அதில் யாருக்கும் வழக்கில்லை, பிரியத்துக்குச் சொல்கிற சொல் அப்படித்தான் இருக்கும். எடை போட்ட பக்கத்தின் சங்கதி வேறு. மெலிந்த பிள்ளைகளின் மனம் நோகக் கூடாது என்று யாராவது அந்த முள்ளை ஐந்து கிலோ முன்னே தள்ளி வைத்திருந்தால், நல்ல சதைப்பிடிப்போடு இருக்கும் பிள்ளைக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. இளைத்த பிள்ளையின் அம்மாதான் அட்டையைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். கேரளத்தின் பத்தாம் வகுப்பு மார்க் பட்டியலைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அட்டையின் இரண்டு பக்கங்களும் நினைவுக்கு வருகின்றன.

மே மாதம் பிறந்தால் தம்பானூரில் ஃபிளெக்ஸ் பலகைகள் முளைக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, அரிஸ்டோ சந்திப்பில், ஓவர்பிரிட்ஜ் பக்கம் என்று கண் போகிற இடமெல்லாம் பள்ளிகளும் டியூஷன் மையங்களும் வைத்த வாழ்த்து. ஒரே பலகையில் ஐம்பது, அறுபது முகங்கள், தபால்தலை அளவில், வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர். பலகையின் உச்சியில் ‘ஃபுல் ஏ பிளஸ்’ என்றோ ‘நூறு மேனி’ என்றோ கொட்டை எழுத்து. மேனி என்பது வயலிலிருந்து வந்த சொல். விதைத்ததைப் போல் எத்தனை மடங்கு விளைந்தது என்ற கணக்கு அது. நாஞ்சில் நாட்டு விவசாயிக்கும் பழக்கமானதுதான். எல்லாரும் தேறிய பள்ளிக்கு மலையாளப் பத்திரிகைகள் அந்தச் சொல்லைச் சூட்டின. களத்து மேட்டில் மேனி சொல்கிறவர்கள் மரக்காலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். நான் கேட்க நினைப்பது அந்த மரக்காலைப் பற்றித்தான்.

பழைய காலத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமில்லை. 2005-க்கு முன்பு எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்தம் 600 மார்க், தேற 210. ‘இருநூற்றிப்பத்து’ என்பது இங்கே எண்ணாக மட்டும் இருக்கவில்லை, தலையெழுத்தைக் குறிக்கும் சொல்லாகவே ஆகியிருந்தது. முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ரேங்க் வாங்கிய சில பிள்ளைகளின் படம் வரும். உள்பக்கங்களில் நெருக்கி அச்சிட்ட தேர்வு எண்கள் வரும். தன் எண் அதில் இல்லாதவர்கள் மாநிலத்தில் பாதிப்பேருக்கு நெருக்கமாக இருந்த ஆண்டுகள் உண்டு. அவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்கரைப் பிள்ளைகள், மலைவாழ் மக்களின் பிள்ளைகள், தலித் வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்க ஆளில்லாதவர்கள். கொஞ்சம் பணம் இருந்தால் டுடோரியல் காலேஜ். அதுவும் இல்லையென்றால் அந்த வயதிலேயே கூலி வேலை. அப்போதும் மாடரேஷன் என்ற பெயரில் மார்க் கூட்டிப் போட்டார்கள் என்பதால், அளவு சுத்தமாக இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய கொடுமை அளவில் இல்லை. அளந்ததை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தியதில் இருந்தது. அளப்பது ஒரு காரியம், நிறுத்துவது இன்னொரு காரியம். இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அதனால், பிள்ளைகளை நிறுத்தக் கூடாது என்ற நியாயமான எண்ணம் வந்தபோது, வாசலைத் திறப்பதற்குப் பதிலாக மரக்காலின் அடியை மேலே தூக்கிவிட்டோம்.

2005 மார்ச்சில் மார்க் போய் கிரேடு வந்தது. 90-உம் அதற்கு மேலும் ஏ பிளஸ், அங்கிருந்து பத்துப் பத்தாக இறங்கி, 30 முதல் 39 வரை டி பிளஸ். அதுதான் மேலே படிக்கத் தகுதி தரும் கடைசிப் படி. ‘தோல்வி’ என்ற சொல் சான்றிதழிலிருந்து எடுக்கப்பட்டது. உயர்கல்விக்குத் தகுதி உண்டு, இல்லை என்று மட்டும் குறித்தார்கள். வருடம் வீணாகாமல் மறுபடி எழுத ‘சே’ தேர்வு வந்தது. இவை எல்லாம் நல்ல மாற்றங்கள் என்றே நான் நினைக்கிறேன். பத்து நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு ஒரு வருடம் போவதில் எந்த நியாயமும் இல்லை. இவற்றோடு தொடர் மதிப்பீடும் வந்தது. வருடம் முழுக்கப் பிள்ளை செய்யும் செயல்திட்டம், குறிப்பேடு, வகுப்பில் பேசுவது, கேட்பது எல்லாவற்றையும் ஆசிரியர் பார்த்து, நூறில் இருபது மார்க் போடுவார். மீதி எண்பதுக்கு எழுத்துத் தேர்வு. யோசனையில் பழுதில்லை. மூன்று மணி நேரத்தில் மனப்பாடத்தைக் கொட்டுவது மட்டும் படிப்பாகாது என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். முதல் ஆண்டு தேர்ச்சி விகிதம் 58.49. 2007-இல் 82.29. 2008-இல் 92.09. மூன்று ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் பிள்ளைகள் இவ்வளவு தூரம் முன்னேறியிருந்தால் உலகத்தின் கல்வித் துறைகள் எல்லாம் தம்பானூரில் வந்து இறங்கியிருக்கும். பிள்ளைகள் கொஞ்சம் முன்னேறினார்கள். கோல் நிறையக் குறுகியது.

எப்படிக் குறுகியது என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். 2005-இல் வந்த விதிப்படி தேற வேண்டியது நூறுக்கு முப்பது. தொடர் மதிப்பீட்டின் இருபதும் பெரும்பாலான பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முழுசாகவோ, ஒன்றிரண்டு குறைத்தோ போடப்படுகிறது என்பது மாநிலத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கல்வித் துறைக் கூட்டங்களிலேயே பேசப்பட்ட விஷயம். இருபது கைக்கு வந்துவிட்டால் எழுத்துத் தேர்வில் வேண்டியது பத்து. எண்பதுக்குப் பத்து. ஐம்பது மார்க் பாடமென்றால் தொடர் மதிப்பீடு பத்து, எழுத்துத் தேர்வில் நாற்பதுக்கு ஐந்து. இரண்டிலும் எட்டில் ஒரு பங்கு. நம் பழைய கணக்கில் சொன்னால் அரைக்கால். கணக்குத் தாளில் தெரிந்த இரண்டு மூன்று சின்னக் கேள்விகளுக்கு விடை எழுதி, மற்றதில் கேள்வியையே திருப்பி எழுதி வைத்தாலும் அரைக்கால் வந்துவிடும். அந்தத் தாளைத் திருத்துகிற ஆசிரியருக்கு இந்தப் பிள்ளைக்குப் பின்னம் கூட்டத் தெரியவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். மார்க் பட்டியல் கைக்கு வரும்போது அந்தச் செய்தி அதில் இருக்காது. டி பிளஸ், தகுதி உண்டு என்று மட்டும் இருக்கும்.

ஊரில் நடந்த சண்டையெல்லாம் ஏ பிளஸ்ஸைப் பற்றித்தான். கோவிட் ஆண்டான 2021-இல், பாடத்தில் முக்கியமான பகுதி இதுவென்று முன்னாலேயே குறித்துக் கொடுத்து, தேவைக்கு மேல் கேள்விகளைத் தந்து தேர்ந்தெடுத்து எழுதச் சொன்னார்கள். எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கியவர்கள் 1,21,318 பேர். அதற்கு முந்தைய ஆண்டு 41,906. எழுதியவர்கள் நாலே கால் லட்சத்துக்குள். பத்துக்கு மூன்று பேர் உச்சியில். அவர்களில் பலருக்கு விரும்பிய பள்ளியில் விரும்பிய பிளஸ் ஒன் பிரிவு கிடைக்கவில்லை, மலபார் மாவட்டங்களில் நிலைமை ரொம்ப மோசம். உச்சியில் இத்தனை பேர் நின்றால் யாரை முன்னே விடுவது என்று பார்க்கப் பள்ளியின் முகவரியும் போனஸ் புள்ளியும் என்று மார்க்குக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகளைத் தேட வேண்டியிருந்தது. அதே 2021 அக்டோபரில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சில கல்லூரிகளில் அரசியல் அறிவியல் படிக்க நூற்றுக்கு நூறு கேட்டார்கள். நூறோடு வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் கேரள வாரியத்தில் பிளஸ் டூ படித்தவர்கள். அங்கே ஒரு பேராசிரியர் அதற்கு மத வெறுப்புச் சாயம் பூசிப் பேசினார். அது அநியாயமான பேச்சு. மாநிலம் கொடுத்த மார்க்கோடு, பல்கலைக்கழகம் வகுத்த விதிப்படி வந்த பிள்ளைகள் அவர்கள். தப்பு ஏதும் செய்யாத பதினேழு வயதுப் பிள்ளை, தான் வாங்கிய மார்க்குக்காகவே சந்தேகத்தோடு பார்க்கப்பட்டது என்பதுதான் எனக்கு வலிக்கிறது. உண்மையிலேயே நூறுக்குத் தகுதியான பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. அதைப் பிரித்துக் காட்ட மார்க் பட்டியலால் முடியவில்லை. மறு ஆண்டே டெல்லிப் பல்கலைக்கழகம் பொது நுழைவுத் தேர்வுக்கு மாறி, வாரிய மார்க்கைச் சேர்க்கைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டது.

2023 டிசம்பரில் எஸ். ஷானவாஸ் பேசிய ஒலிப்பதிவு வெளியே வந்தது. அப்போது அவர் பொதுக்கல்வி இயக்குநர். எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தயாரிப்பது பற்றிய பயிலரங்கில், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் ஏ பிளஸ் போகிறது, இது பிள்ளைகளுக்குச் செய்யும் வஞ்சனை என்ற பொருள்படப் பேசியிருந்தார். உள்ளே, ஆசிரியர்களிடம், சுயவிமர்சனமாகச் சொன்னது. அரசின் கருத்து இதுவல்ல என்று அமைச்சர் வி. சிவன்குட்டி அறிவித்தார். துறையின் உச்சியில் இருப்பவர் பேசிவிட்டாரே என்பதுதான் பல நாள் பேச்சாக இருந்தது. அவர் சொன்னது சரியா என்று ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொன்னவர்கள் குறைவு. எனக்கு அவர் பேச்சில் பெரும்பகுதி உடன்பாடு, ஓர் இடத்தில் மட்டும் இல்லை. பாதி மார்க் வரைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், அதற்கு மேலேதான் தகுதி பார்க்க வேண்டும் என்றார் அவர். நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். ஏ பிளஸ் வாங்குகிற பிள்ளைக்கு மார்க்கை விட்டால் வேறு கண்ணாடிகள் இருக்கின்றன. அது எட்டாம் வகுப்பிலேயே நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறது, வாராவாரம் தேர்வு எழுதுகிறது, நாடு முழுக்கத் தான் எத்தனையாவது இடம் என்று தெரிந்து வைத்திருக்கிறது. பள்ளி மார்க் வீங்கினால் அதற்குப் பெருமையில் கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவுதான். டி பிளஸ் பிள்ளையின் வீட்டில் பள்ளி சொல்வதைத் தவிர வேறு சேதி கிடையாது. மீன் விற்கப் போகிற அம்மாவுக்கும், கட்டட வேலைக்குப் போகிற அப்பாவுக்கும் பிள்ளையின் படிப்பைப் பற்றி அரசாங்கம் எழுதித் தரும் ஒரே கடிதம் அந்தப் பட்டியல்தான். எட்டாம் வகுப்பில், ஒன்பதாம் வகுப்பில், இன்னும் நேரம் இருக்கும்போது, அந்தக் கடிதத்தில் உண்மை இருந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சுலபம், நியாயமில்லை. முழு மார்க் போடுகிற கைக்குப் பின்னால் பயம் இருக்கிறது. பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் ஆசிரியர் பணியிடம் போகும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, ஆங்கிலவழிப் பள்ளி, சி.பி.எஸ்.இ. என்று ஒரே தெருவில் நாலு வாசல் திறந்திருக்கும் ஊரில், ‘நூறு மேனி’ இல்லாத பள்ளிக்கு அடுத்த ஜூனில் பெற்றோர் வரமாட்டார்கள். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு இந்தப் பயம் இன்னும் நெருக்கமானது. திருவனந்தபுரம் சாலைத் தெருவிலும் இடுக்கி, பாலக்காடு எல்லைகளிலும் உள்ள அந்தப் பள்ளிகளுக்கு, தேர்ச்சி விகிதம் குறைந்தால் மொழிவழிப் பள்ளியே எதற்கு என்ற கேள்வி வந்து நிற்கும். பக்கத்துப் பள்ளி இருபது போடும்போது நாம் பதின்மூன்று போட்டால் நம் பிள்ளைதானே அடிபடும் என்று ஓர் ஆசிரியர் நினைப்பதில் சுயநலம்கூட இல்லை, பிள்ளைமேல் உள்ள பாசம்தான். ஒவ்வொருவரும் பாசத்தால் செய்கிற காரியம் சேர்ந்து எல்லாப் பிள்ளைகளையும் ஏமாற்றும் காரியமாகிவிடுகிறது. தனி ஆசிரியரின் மனசாட்சியால் அவிழ்க்கக்கூடிய முடிச்சு இல்லை இது. விதியால்தான் அவிழும்.

கறார் வேறு, நேர்மை வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2022-இல் பிளஸ் டூ வேதியியலுக்கு வந்த விடைக்குறிப்பு, பிள்ளைகளுக்கு உரிய மார்க்கைப் பறிக்கிறது என்று சொல்லி ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் முகாம்களைப் புறக்கணித்தார்கள். கடைசியில் ஒரு குழு அமைத்துக் குறிப்பைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. சரியாக எழுதிய விடைக்கு மார்க் குறைப்பதும் பொய்தான். மார்க் குறைவாகப் போடுகிறவரே நேர்மையானவர் என்று ஒரு நினைப்பு நம்மிடம் உண்டு. எடைக்கல்லில் ஓட்டை போட்டாலும் மெழுகு ஒட்டினாலும் குற்றம் ஒன்றுதான்.

மார்க்கில் உண்மை வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான வாதம், தோல்வி ஏழையைத்தான் அடிக்கும் என்பது. பழைய 210-ஐ நினைவில் வைத்திருக்கும் யாரும் இதை ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தின் ஆசிரியர் அமைப்புகளும் கல்வி இயக்கங்களும் எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தபட்ச மார்க் வேண்டும் என்ற 2024-ஆம் ஆண்டு விதியை எதிர்த்தபோது இதைத்தான் சொன்னார்கள்: சல்லடையை மறுபடி கொண்டுவருகிறீர்கள், அதில் விழப்போவது பழைய அதே பிள்ளைகள். ஆனால் அந்தப் பிள்ளை இப்போது விழாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பதினாறு வயதில் டி பிளஸ்ஸோடு பிளஸ் ஒன்னில் போய் உட்கார்கிறது. வாசிக்கத் தெரியாத பாடப்புத்தகத்தின் முன் இரண்டு வருடம் மௌனமாக இருக்கிறது. பள்ளிக்குள்ளே நடக்கும் விழுகைக்கு ஆவணம் இல்லை, அதனால் அது யார் பொறுப்பும் இல்லை. ஒரு மாவட்டத்தில் எட்டாம் வகுப்பில் இத்தனை பேருக்குக் கணக்கில் அடிப்படை இல்லை என்று எழுதப்பட்டால்தான் அங்கே ஆசிரியர் கேட்கலாம், பணம் கேட்கலாம், சட்டசபையில் கேள்வி கேட்கலாம். 99.70 சதவீதம் தேறிய மாநிலத்தில் யாருக்காக எதைக் கேட்பது? பழங்குடிப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்று வாதாடுகிறவருக்கு முதலில் வேண்டிய ஆயுதமே உண்மையான மார்க்தான்.

இன்னொரு வாதம், தேசிய ஆய்வுகளில் கேரளம் முன்னணியில்தானே இருக்கிறது என்பது. இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கிராமப்புற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் ‘ஏசர்’ ஆய்வின் 2022 அறிக்கையில், மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்த பிள்ளைகள் கேரளத்தில் பாதிக்கும் குறைவு. மற்ற மாநிலங்கள் பலவற்றில் இதைவிடக் குறைவு என்பதால் நாம் முன்னே நிற்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இளைத்திருக்கிறது என்பதால் நம் பிள்ளையின் எடை கூடிவிடாது. பிற வாரியங்களும் வீங்க வைக்கின்றனவே, நாம் மட்டும் குறைத்தால் நம் பிள்ளைகள் தோற்பார்களே என்ற கேள்வியும் உண்டு. இது உண்மையான சங்கடம். 2017-இல் சி.பி.எஸ்.இ. மாடரேஷனை நிறுத்த முயன்றது. தேர்வு எழுதிய பிறகு விதி மாறுவது பிள்ளைகளைப் பாதிக்கும் என்று வழக்குப் போய், டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஆண்டுக்கு நிறுத்தக் கூடாது என்றது. ஒரு வாரியத்தின் மார்க்கை இன்னொன்றோடு ஒப்பிடவே முடியாமல் போனதால் கேரளப் பொறியியல் சேர்க்கைக்குச் சூத்திரம் வேண்டியிருக்கிறது. 2025 ஜூலையில் அந்தச் சூத்திரத்தை முடிவு வெளியாகும் தறுவாயில் அரசு மாற்றியது. அந்த மாற்றத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, தரவரிசைப் பட்டியல் மறுபடி வந்தது. முதல் பட்டியலைப் பார்த்து இனிப்பு வாங்கிய வீடுகளில் சில, இரண்டாம் பட்டியலில் வெகு தூரம் பின்னே போயின. வீங்கிய எண்களின் விலையைக் கடைசியில் பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள்.

விதியை முன்கூட்டிச் சொல்லி, வீங்கிய மார்க்கைப் படிப்படியாக இறக்கினால் இது நடக்காத காரியம் இல்லை. பிரிட்டனில் பள்ளி இறுதி ஏ லெவல் தேர்வில், கோவிடுக்கு முந்தைய 2019-இல் உயர்ந்த இரண்டு கிரேடுகளும் சேர்ந்து 25.4 சதவீதம். தேர்வு இல்லாமல் ஆசிரியர்களே மதிப்பிட்ட 2021-இல் அது 44.8 ஆனது. இரண்டு ஆண்டில் பழைய நிலைக்குத் திரும்புவோம் என்று இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்காணையம் 2021-லேயே அறிவித்தது. 2023-இல் 27.2. வருத்தம் இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் பெரிதாக வரவில்லை. முன்னாலேயே சொல்லப்பட்டிருந்தது. தமிழ்நாடு 2017-இல் மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிப்பதை நிறுத்தியது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. பிள்ளைகளை மேடையேற்றும் ஆரவாரம் போனது, அளவுகோலை யாரும் தொடவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு எவ்வளவு வாங்கினாலும் எழுத்துத் தேர்வில் 75-க்கு 20 வாங்க வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. அதற்காக அங்கே வீக்கம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2025-இல் பத்தாம் வகுப்பில் அறிவியலில் சென்டம் 10,838 பேர், தமிழில் 8 பேர். ஒரே பிள்ளைகள், ஒரே மாதம், இரண்டு மரக்கால்.

தம்பானூரில் இந்த விஷயத்துக்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் புத்தகக் கடைகளில் முன்வரிசையில் அடுக்கி வைத்திருப்பது கதைப் புத்தகங்கள் இல்லை, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வின் ‘ரேங்க் ஃபைல்’. செங்கல் கனம் இருக்கும். சுற்றிலும் பயிற்சி மையங்கள். காலை வண்டிகளில் பாறசாலையிலிருந்தும் வர்க்கலையிலிருந்தும் இருபத்தைந்து, முப்பது வயதுக்காரர்கள் வந்து இறங்கி, தோளில் பையோடு அங்கே போகிறார்கள். அந்தப் புத்தகத்தைப் பிரித்தால் பின்னம், சதவீதம், விகிதம், ஆங்கிலத்தில் எளிய வாக்கியத் திருத்தம், எந்த ஆறு எங்கே பிறக்கிறது. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் உரிய பாடம். கிளார்க் தேர்வுக்குக் கேட்கும் படிப்பும் எஸ்.எஸ்.எல்.சி.தான். எழுதுகிறவர்களில் பலர் பட்டதாரிகள், கையில் நல்ல கிரேடு போட்ட பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். போட்டித் தேர்வுக்கு எல்லாரும்தான் பழையதைத் தூசி தட்டிப் படிப்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறந்ததைப் புதுப்பிப்பவர்களின் பக்கத்திலேயே, முதன்முறையாகக் கற்றுக்கொள்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பதினான்கு வயதில் இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டியதை இருபத்தெட்டு வயதில் மாதக் கட்டணம் கொடுத்து வாங்குகிறார்கள். அந்தத் தேர்வில் ஒவ்வொரு தப்பு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும். வாழ்க்கையில் அதுவரை யாரும் குறைத்துச் சொல்லாத ஒருவருக்கு முதல் தடவையாக உண்மையைச் சொல்வது ஓர் ஓ.எம்.ஆர். இயந்திரம். அதற்குப் பாசமும் கிடையாது, அடுத்த வாரம் சொல்லித் தருகிறேன் வா என்று கூப்பிடவும் தெரியாது. வகுப்பாசிரியர் சொல்லியிருந்தால் அதோடு ஒரு கையும் சேர்ந்து நீண்டிருக்கும்.

கேரள அமைச்சரவை 2024-இல் விதியை மாற்றியது. ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் தனியாக முப்பது சதவீதம் வேண்டும். எண்பதுக்கு 24, நாற்பதுக்கு 12. அந்தக் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு, அடுத்து ஒன்பது, 2026-27-இல் பத்தாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு முடிவு 2025 ஏப்ரலில் வந்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு பாடத்திலாவது அந்த அளவு வரவில்லை. இந்தியில்தான் அதிகம் பேர். பிள்ளைகளை வகுப்பில் நிறுத்திவைக்கவில்லை. விடுமுறையில், எந்தப் பாடத்தில் குறைவோ அந்தப் பாடத்துக்கு மட்டும் பள்ளியைத் திறந்து வகுப்பு நடத்தி, மாதக் கடைசியில் மறுபடி தேர்வு வைத்தார்கள். இரண்டு வாரத்தில் எட்டு வருடப் பாக்கி தீராது என்று சொன்னவர்கள் உண்டு, சரிதான். அவசர அவசரமாக நடந்தது, ஆள் போதவில்லை, வராத பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படியும் அந்த ஏப்ரல் என்னைப் பொறுத்தவரை 2005-க்குப் பிறகு இந்த மாநிலத்தின் பள்ளிக் கல்வியில் நடந்த பெரிய காரியம். அளப்பதையும் நிறுத்துவதையும் முதன்முதலாகத் தனித்தனியாகப் பிரித்தார்கள். ஒரு வீட்டுக்குப் போன சேதி, உன் பிள்ளை தோற்றது என்பதாக இல்லை, கணக்கில் குறைகிறது, திங்கட்கிழமை காலையில் அனுப்பி வை என்பதாக இருந்தது.

இந்த விதிக்குள் வரும் முதல் பத்தாம் வகுப்பு 2027 மார்ச்சில் தேர்வு எழுதும். அந்த மே மாதம் 99-க்கு மேல் என்ற எண் இருக்காது. எதிர்க்கட்சி கேட்கும், பத்திரிகைகள் பழைய ஆண்டுகளோடு பட்டியல் போட்டுக் காட்டும், 24-ஐ இருபதாக்கு, கேள்வித்தாளை லேசாக்கு என்று நாலா பக்கமிருந்தும் நெருக்குவார்கள். கேள்வித்தாள் லேசானால் 24-ம் பழைய பத்தாகிவிடும், வெளியே யாருக்கும் தெரியவும் தெரியாது. ஓவர்பிரிட்ஜ் பக்கம் பலகை கட்டும் பள்ளிகளிடம் நான் ஒன்றே ஒன்று எதிர்பார்க்கிறேன். அந்த ஆண்டு ‘நூறு மேனி’ இல்லாமல் போன பள்ளி ஒன்றாவது, 93 என்றோ 88 என்றோ வந்த எண்ணை அப்படியே பெரிய எழுத்தில் போட்டு, மீதிப் பிள்ளைகளுக்கு எந்தத் தேதியில் வகுப்பு தொடங்குகிறது என்று அதன் கீழே எழுதி, தம்பானூரில் கட்டி வைக்க வேண்டும்.